நாச்சோ வைத்த தட்டு

மெக்சிகன் உணவகங்களில் தலைக்கு மேலே வண்ணக் காகிதத் தோரணம் தொங்கும். பூவும் பறவையும் எலும்புக்கூடும் துளைத்துளையாக வெட்டப்பட்ட மெல்லிய தாள்கள். ‘பாப்பெல் பிகாதோ’ என்று பெயர். பூப்லா மாநிலத்தில் சான் சல்வதோர் விஷ்கொலோத்லா என்ற ஊர்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். தாள்களைக் கட்டாக அடுக்கி, சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு தட்டித் தட்டி எடுப்பார்கள். அதன் கீழே கரும்பச்சைச் சுவர், மஞ்சள் நாற்காலி, மூலையில் கிதார். எட்டுப் பேர் வந்து, யார் பக்கத்தில் யார் என்று இடம் மாறி மாறி உட்கார்ந்து முடிப்பதற்குள் மேசை நடுவில் ஒரு தட்டு வந்துவிடும். முக்கோணமான மக்காச்சோள வறுவல், அதன் மேல் உருகிய சீஸ், அதற்கும் மேல் காடியில் ஊறிய பச்சை மிளகாய் வில்லை. தனித் தட்டு கேட்பார் இல்லை. எல்லாக் கைகளும் அந்த ஒரே தட்டுக்குத்தான் போகும். கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர் கூச்சம் விட்டுப் பேச ஆரம்பிப்பதும் அநேகமாக அந்தத் தட்டின் மேல்தான்.

நாச்சோஸ். இன்று திரையரங்கு, விமான நிலையம், விளையாட்டு அரங்கம் என்று எங்கும் விற்கிற பண்டம். நம் ஊர்ப் பெட்டிக்கடைச் சரத்திலும் அதன் பெயர் போட்ட பாக்கெட்டுகள் தொங்குகின்றன. உலகத்தின் பெரும்பாலான பண்டங்களுக்குப் பிறந்த கதை கிடையாது. யாரோ ஒரு பாட்டி, ஏதோ ஓர் அடுப்பு, எத்தனையோ நூற்றாண்டு என்று போய்விடும். இதற்கோ ஊர் தெரியும், கடை தெரியும், செய்தவரின் முழுப் பெயர் தெரியும். செய்தவர் சமையல்காரர் இல்லை என்பதும் தெரியும். இந்தக் கதையில் என் மனம் ஒட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். சமையற்கட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வந்துவிட்ட விருந்தாளிகளைப் பசியோடு திருப்பி அனுப்ப மனம் வராத ஒருவர் செய்தது இது. அடுப்பறைத் திறமையைவிட வாசலில் நின்று வரவேற்கிறவரின் குணத்துக்கே இந்தப் பண்டம் அதிகம் கடன்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தையும் மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தையும் ஓர் ஆறு பிரிக்கிறது. வடகரைக்காரர்கள் அதை ரியோ கிராண்டே என்பார்கள், தென்கரைக்காரர்கள் ரியோ பிராவோ என்பார்கள். இரண்டு நாட்டுக்கும் போர் நடந்து, 1848ல் குவாதலூப் இதால்கோ உடன்படிக்கை ஆன பிறகு அந்த ஆறே எல்லையானது. மறு ஆண்டே அமெரிக்க ராணுவம் வடகரையில் டங்கன் கோட்டையை அமைத்தது. கோட்டையை ஒட்டி ஈகிள் பாஸ் என்ற ஊர் வளர்ந்தது. எதிர்க்கரையில் மெக்சிகோ தன் பங்குக்கு ஒரு ராணுவக் குடியிருப்பை ஏற்படுத்த, அது பியெத்ராஸ் நெக்ராஸ் ஆனது. ‘கறுப்புக் கற்கள்’ என்று பொருள். நிலக்கரி மண்ணுக்கு மேலேயே கறுப்பாகத் தலைகாட்டும் பூமி அது. ஒன்றை ஒன்று காவல் காக்கப் பிறந்த ஊர்கள், நாளடைவில் பாலம் கட்டிச் சம்பந்தி வீடுகளாயின. காலையில் இக்கரையில் வேலை, மாலையில் அக்கரையில் கல்யாணம் என்று வாழ்கிற குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

அந்தப் பாலத்தைத் தாண்டிச் சாப்பிடப் போகும் பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1920லிருந்து 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. எல்லையோர மெக்சிகன் ஊர்களில் மதுக்கூடங்களும் உணவகங்களும் வரிசையாக முளைத்தன. வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு என்று நல்ல மேசை விரிப்பு, இசைக்குழு, இரண்டு மொழியும் பேசுகிற பரிமாறுபவர்கள். உலகமெங்கும் பரவிய சீசர் சாலட் பிறந்ததும் இதே காலத்தில், இதே எல்லைக்கோட்டின் மேற்கு முனையில்தான். திகுவானா ஊரில் சீசர் கார்தினி என்ற இத்தாலியர் நடத்திய உணவகம். 1924 ஜூலை 4, அமெரிக்க விடுமுறைக் கூட்டம் மொய்த்து, சமையற்கட்டில் சரக்கு தீர்ந்துபோக, இருந்த இலையையும் ரொட்டித் துண்டையும் சீஸையும் வைத்து மேசைக்கு எதிரிலேயே கலந்து கொடுத்தார் என்று அவருடைய மகள் சொல்லியிருக்கிறார். எல்லையூர் உணவகங்களுக்கு இது ஒரு பொதுச் சுபாவம் போலும். விருந்தாளி எந்த நேரத்தில் பாலம் தாண்டி வருவார் என்று தெரியாது. வந்தவரை விடவும் கூடாது. கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பியெத்ராஸ் நெக்ராஸில் அப்படிப் பெயர் பெற்ற ஒரு கடை விக்டரி கிளப். அங்கே வந்தவர்களை வரவேற்று உட்காரவைப்பது, பரிமாறுகிறவர்களை மேற்பார்ப்பது, யாருக்கு எது பிடிக்கும் என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் இக்னாசியோ அனாயாவின் பொறுப்பு. 1895ல் பிறந்தவர். இந்தச் சம்பவம் நடக்கும்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இக்னாசியோ என்று பெயர் வைத்த எவரையும் மெக்சிகோவில் நாச்சோ என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். ஊருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அவர் நாச்சோ.

பெரும்பாலானவர்கள் சொல்கிற ஆண்டு 1943. சிலர் 1940 என்கிறார்கள். நான் 1943 பக்கம்தான் நிற்பேன். காரணம், கதையில் வருகிற விருந்தாளிகள். அக்கரையில் பணியில் இருந்த அமெரிக்க ராணுவத்தினரின் மனைவிமார் சிலர் பாலம் தாண்டி வந்தார்கள் என்பதில் எல்லாக் கூற்றுகளும் ஒத்துப்போகின்றன. கணவன்மார் டங்கன் கோட்டையில் இருந்தார்கள் என்பார்கள். ஆனால் அந்தக் கோட்டை 1938லேயே ஊராட்சியின் கைக்குப் போய்விட்டது. பிறகு 1942ல் ஈகிள் பாஸுக்கு வடக்கே விமானிகளுக்கு மேற்பயிற்சி தருகிற ராணுவ விமானத்தளம் ஒன்று திறந்தார்கள். அந்தத் தளத்து அதிகாரிகளுக்குப் பழைய கோட்டை வளாகம் பொழுதுபோக்கு மன்றமாகப் பயன்பட்டது. ஆக, திடீரென்று அந்தச் சிற்றூரில் அதிகாரிகளின் குடும்பங்கள் கூட்டமாகச் சேர்ந்தது 1942க்குப் பிறகுதான். 1943 மார்ச்சில் அமெரிக்காவில் இறைச்சி, வெண்ணெய், சீஸ் மூன்றுக்கும் பங்கீட்டு அட்டை வந்துவிட்டது. கணவன் பயிற்சி விமானத்தில், வீட்டில் அளந்து தரும் வெண்ணெய், பார்த்துப் பேச ஒரே மாதிரி கவலையுள்ள நாலைந்து தோழிகள். பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கும் இசையும் உள்ள ஒரு கடை. ஏன் போனார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் வந்த நேரம் சாப்பாட்டு நேரம் இல்லை. சமையல்காரர் இடத்தில் இல்லை. குடிப்பதோடு கொறிக்க ஏதாவது, வழக்கமானதாக இல்லாமல் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று அடிக்கடி வருகிற ஒரு பெண்மணி கேட்டார். அனாயா சமையல்காரரைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ‘அடுப்பு மூடியாயிற்று’ என்று சொல்லியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். அவர் தானே உள்ளே போனார். டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டி இருந்தது. அதை நான்காக வெட்டிப் பொரித்தார். ஒவ்வொரு துண்டின் மேலும் துருவிய மஞ்சள் சீஸைப் பரப்பினார். உருகும்வரை சில நிமிடம் சூட்டில் வைத்தார். எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊறுகாய் போட்ட ஹலபேனோ மிளகாய்க் கீற்று ஒன்றை வைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தோழிகள் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார்கள். இதற்கு என்ன பெயர் என்று கேட்டபோது, நாச்சோவின் ஸ்பெஷல் என்ற பொருளில் ‘நாச்சோஸ் எஸ்பெசியாலெஸ்’ என்றார். பெயரின் பின்பாதி வெகு சீக்கிரம் உதிர்ந்துவிட்டது.

சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக மூன்று பொருள்கள் எங்கெங்கிருந்தோ வந்து அந்த அடுப்பங்கரையில் காத்திருந்தன.

முதலாவது டோர்ட்டியா. மெக்சிகோவின் தென்மேற்கில் பால்சாஸ் ஆற்றுப் படுகையில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு, தெயோசின்தே என்ற காட்டுப்புல்லை மனிதர்கள் தேர்ந்து தேர்ந்து வளர்த்து மக்காச்சோளமாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் இருப்பது சில விதைகள்தான், அதுவும் கல் போன்ற ஓட்டுக்குள். அதிலிருந்து இன்றைய கொழுத்த கதிர் வரை வந்தது உலக விவசாயத்தின் மாபெரும் சாதனைகளில் ஒன்று. என்னை அதைவிட வியக்க வைப்பது அடுத்த படி. உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறப்போடுவார்கள். நாம் வெற்றிலையில் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்புதான். காலையில் மேல்தோல் கழன்று வரும். கழுவி, ‘மெத்தாத்தே’ என்ற சரிவான கல்லில் அரைத்தால் கையில் ஒட்டாமல் சேர்ந்து வரும் மாவு கிடைக்கும். சுண்ணாம்பு இல்லாமல் வேகவைத்து அரைத்த சோளம் இப்படித் திரளாது, தட்டினால் உதிரும். சுண்ணாம்பு உள்ளே போய்ச் சோளத்தின் பிசினை இளக்கி, மாவுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. டோர்ட்டியாவின் அந்தத் தனி மணமும் அங்கேயே பிறக்கிறது.

மாவுக்குப் பிடிமானம் கொடுத்ததோடு சுண்ணாம்பின் வேலை முடியவில்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற உயிர்ச்சத்து இருந்தும் உடம்பில் சேராதபடி பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறக்கிறது. சோளத்தைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தச் செய்முறையைக் கொண்டுபோகவில்லை. விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளும், பின்னர் அமெரிக்கத் தென்மாநில ஏழைகளும் பெல்லாக்ரா என்ற நோயில் தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். அது தொற்றுநோய் இல்லை, உணவில் உள்ள குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914க்குப் பிறகு பாடுபட்டு நிறுவ வேண்டியிருந்தது. மெக்சிகோவின் பெண்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மருந்தைத் தினமும் தங்கள் பானையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்துத் தட்டில் ஒரு முக்கோணத்தை எடுத்து உடைக்கும்போது, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இவ்வளவு அறிவு இருக்கிறது. மீந்த டோர்ட்டியாவை வெட்டிப் பொரித்து வைத்துக்கொள்வது அந்த வீடுகளில் பழைய வழக்கம். அதற்கு ‘தோதோப்போ’ என்று பெயர். ஆக, அனாயா வறுவலைக் கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே எல்லோர் வீட்டிலும் இருந்தது.

இரண்டாவது சீஸ். ஸ்பானியர்கள் 1521க்குப் பிறகு மாடுகளைக் கொண்டுவரும்வரை மெக்சிகோவில் பாலும் இல்லை, சீஸும் இல்லை. அனாயா எடுத்ததோ மெக்சிகோவின் வெள்ளைச் சீஸும் இல்லை. வடக்கே விஸ்கான்சின் பக்கத்துப் பால்பண்ணைகளில் ஆகிற மஞ்சள் சீஸ் என்று சொல்கிறார்கள். இங்கிலாந்தின் செடார் என்ற ஊர்ச் சீஸின் அமெரிக்க வாரிசு. அந்தப் பெண்களின் வாய்க்குப் பழகிய சுவை அது.

மூன்றாவது ஹலபேனோ. வெராகுரூஸ் மாநிலத்தின் ஹலாபா நகரத்தால் பெயர் பெற்ற மிளகாய். இந்த மிளகாய் இனம் மெக்சிகோ மண்ணில் பயிரானதுதான். கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் அது ஐரோப்பா போய், போர்த்துகீசியக் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்தது. மிளகையே நம்பியிருந்த நம் சமையலில் அது வந்து உட்கார்ந்த வேகத்தைப் பார்த்தால், எப்போதும் இங்கேயே இருந்தது போலத் தோன்றும். அந்த மிளகாயை மெக்சிகோவில் காடியில் ஊறப்போடுவதற்கு ‘எஸ்காபேச்சே’ என்று பெயர். காடியில் ஊறவைக்கும் அந்த முறை பாரசீகத்தில் தொடங்கி, அரபியர் வழியாக ஸ்பெயினுக்கு வந்து, அங்கிருந்து கடல் கடந்தது. மிளகாயோடு கேரட் வில்லை, வெங்காயம், பூண்டு, மூலிகை இலைகள் எல்லாம் சேர்ந்து ஊறும். சீஸின் கொழுப்பு நாக்கில் படிந்து மந்தமாகிற கணத்தில் அந்தப் புளிப்பும் காரமும் வந்து துடைத்துவிடுகின்றன. அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போகிறது. நாச்சோஸின் ரகசியம் இந்த மூன்றாவது பொருளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மிளகாய் இல்லாவிட்டால் நான்கு துண்டோடு திகட்டிவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே சீஸ், தனித்தனியே மிளகாய் என்பதையும் கவனிக்க வேண்டும். விருந்தினர்களைக் கவனித்தே பழகியவரின் கை அது. எந்தத் துண்டை எடுத்தாலும் முழுச் சுவை வரும். முதலில் எடுத்தவருக்குச் சீஸும் கடைசியில் எடுத்தவருக்கு வெறும் வறுவலும் என்ற ஏற்றத்தாழ்வு அந்தத் தட்டில் இல்லை.

தோழிகள் அக்கரைக்குப் போய்ச் சொன்னார்கள். விமானத்தளக் குடும்பங்கள் ஓரிடத்தில் நிற்கிறவர்கள் இல்லையே. மாற்றல் உத்தரவோடு பண்டத்தின் பெயரும் ஊர் ஊராகப் போனது. 1949ல் ஜேன் டிரேஹி தொகுத்த ‘எ டேஸ்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற சமையல் நூலில் நாச்சோஸ் எஸ்பெசியாலெஸ் வந்துவிட்டது. 1954ல் ஈகிள் பாஸ் தேவாலயத்துப் பெண்கள் வெளியிட்ட செயின்ட் ஆன்ஸ் சமையல் புத்தகத்தில் செய்முறையே அச்சானது. தேவாலய மகளிர் சங்கங்கள் நிதி திரட்டப் போடுகிற இந்தச் சிறு புத்தகங்கள் அமெரிக்கச் சமையல் வரலாற்றின் பெரிய பொக்கிஷம். பெரிய பதிப்பகங்கள் கண்டுகொள்ளாத பல பண்டங்களின் முதல் சாட்சி இவற்றில்தான் கிடைக்கிறது. 1959ல் சான் அன்டோனியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன கார்மென் ரோச்சா என்ற பரிமாறும் பெண், தான் வேலை பார்த்த எல் சோலோ உணவகத்தில் இதைச் செய்து பரிமாற ஆரம்பித்தார். மேற்குக் கரையில் அது பரவியது அவர் கையால். அதே லாஸ் ஏஞ்சலஸில் 1940களின் கடைசியிலேயே ரெபெக்கா வெப் கர்ரான்சா, தன் தொழிற்சாலை இயந்திரம் கோணல்மாணலாகத் தள்ளிய டோர்ட்டியாக்களை வீணாக்க மனமில்லாமல் முக்கோணங்களாக வெட்டிப் பொரித்துப் பையில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார். இந்த இரண்டு பெண்கள் பெயரும் எங்கும் பெரிதாகச் சொல்லப்படுவதில்லை. அனாயாவின் தட்டு ஓர் ஊரின் பண்டமாக நின்றுவிடாமல் இவ்வளவு தூரம் வந்ததில் இருவருக்கும் பங்குண்டு.

அனாயா பின்னாளில் அதே ஊரில் தன் பெயரிலேயே சொந்தமாக ஓர் உணவகம் திறந்தார். பண்டத்துக்குக் காப்புரிமை வாங்கலாமா என்று அவருடைய மகன் வழக்கறிஞரிடம் விசாரித்ததாகவும், அதற்குள் அது ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது, இனி முடியாது என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள். பணம் வேறு பக்கம் போனது. பெயர் மட்டும் அவரிடம் தங்கியது. அந்தப் பெயரும் தவறிப்போக இருந்தது. நாச்சோஸ் என்றால் என்ன, எங்கிருந்து வந்தது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காகத் தேடியவர் ஏட்ரியானா ஓர் என்ற ஆய்வாளர். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தில் உட்கார்ந்து ஏடுகளைப் புரட்டியவருக்கு விடை கொடுத்தது அங்கே ஸ்பானியப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண். அவர் பியெத்ராஸ் நெக்ராஸில் வளர்ந்தவர். நாச்சோ என்ற மனிதரை அவருக்கு நினைவிருந்தது. 1999ல் ஓர் அதை எழுதி வெளியிட்டார். அந்தப் பெண் அந்த நூலகத்தில் வேலைக்கு வராமல் போயிருந்தால் நாம் இன்று இன்னொரு அனாமதேயப் பண்டத்தைத் தின்றுகொண்டிருப்போம்.

அனாயா 1975ல் காலமானார். அதற்கு மறு ஆண்டு, 1976ல், டெக்சஸில் ஆர்லிங்டன் பேஸ்பால் அரங்கத்தில் ஃபிராங்க் லிபெர்ட்டோ என்ற சான் அன்டோனியோ வியாபாரி நாச்சோஸ் விற்க ஆரம்பித்தார். ரிக்கோஸ் என்ற குடும்ப நிறுவனம் அவருடையது. ஆட்டம் பார்க்க வந்தவர் வரிசையில் நிற்கச் சம்மதிக்க மாட்டார். துருவி, அடுப்பில் வைத்து, உருக்கிக் கொடுப்பதெல்லாம் அங்கே நடக்காது. லிபெர்ட்டோ கண்ட வழி, எப்போதும் உருகியபடியே இருக்கும் ஒரு சீஸ் குழம்பு. சாதாரணச் சீஸைச் சூடாக்கிக்கொண்டே இருந்தால் எண்ணெய் தனியே, திப்பி தனியே பிரிந்துவிடும். சீஸின் புரதத்தைக் கட்டிப் பிடித்திருப்பது சுண்ணாம்புச் சத்து. சிட்ரேட் போன்ற உப்புகள் அந்தச் சுண்ணாம்பைத் தங்களிடம் இழுத்துக்கொண்டால் புரதம் அவிழ்ந்து, கொழுப்பையும் நீரையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும். இந்த உபாயம் 1911லேயே சுவிட்சர்லாந்தில் பதனச் சீஸ் செய்ய வந்துவிட்டது. லிபெர்ட்டோ அதே வழியில் இன்னும் இளக்கி, ஒரு கரண்டி ஊற்றினால் வேலை முடிந்தது என்று ஆக்கினார். மிளகாய் தின்றவர்கள் தாகத்தில் குளிர்பானமும் அதிகம் வாங்கினார்கள். 1978ல் டாலஸில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்த ஹோவார்டு கோசெலின் முன்னால் ஒரு தட்டு வந்தது. அந்தப் பெயர் அவருக்கு மிகவும் பிடித்துப்போய், நேரடி ஒளிபரப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடு முழுக்க அந்தப் பெயரைக் கேட்டது.

அரங்க நாச்சோஸை நான் வெறுக்கவில்லை. கொட்டும் வெயிலில் பிள்ளையோடு ஆட்டம் பார்க்க வந்தவருக்கு அது தருகிற சந்தோஷம் உண்மையானது. ஆனாலும் அதில் அனாயாவின் கை இல்லை. மேலே இருக்கிறவை குழம்பில் ஊறித் தொய்ந்துவிடும். அடியில் கிடப்பவைக்கு ஒன்றுமே எட்டாது. குவித்துக் கொடுப்பதில் தாராளம் தெரியும், கவனம் தெரியாது.

இன்னொரு வழக்கும் இதன் மேல் உண்டு. இது மெக்சிகன் உணவே இல்லை என்பார்கள். வாஹாகாவிலோ மெக்சிகோ நகரத்திலோ ஒரு நல்ல தாக்கோ கடையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது என்பது உண்மை. 1972ல் டயானா கென்னடி மெக்சிகோவின் வட்டாரச் சமையல்களைப் பற்றி எழுதிய பெருநூல் வந்த பிறகு, டெக்சஸ் எல்லைச் சமையலை ஒதுக்கி வைத்துப் பேசுவது நாகரிகமானது. கென்னடி செய்தது மகத்தான வேலை. கிராமம் கிராமமாகப் போய்ச் சமையல்காரப் பெண்களின் பெயரோடு எழுதினார். 2010ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனிதகுலப் பாரம்பரியமாக ஏற்றதற்கு அவரைப் போன்றவர்கள் போட்ட பாதையும் ஒரு காரணம். ஆனால் எல்லையூர்க்காரர்களும் மக்கள்தான், அவர்களுக்கும் அடுப்பு உண்டு. பியெத்ராஸ் நெக்ராஸ் மெக்சிகோவில் இருக்கிறது. அனாயா மெக்சிகோக்காரர். மூவாயிரம் ஆண்டுச் சுண்ணாம்புச் சோளமும், அக்கரைச் சீஸும், வெராகுரூஸ் மிளகாயும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அந்தப் பாலத்தடிதான். அங்கே பிறக்க வேண்டியது அங்கே பிறந்தது. அதைக் கலப்படம் என்று சொல்கிறவர்கள், ஸ்பானியர்கள் கொண்டுவந்த பன்றிக் கொழுப்பையும் காடியையும் மெக்சிகோவின் வேறு எந்தப் பண்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்?

பியெத்ராஸ் நெக்ராஸ் தன் மகனை மறக்கவில்லை. அவர் பெயரில் கல்வெட்டு வைத்திருக்கிறது. அக்டோபரில் நாச்சோ திருவிழா நடக்கிறது. அக்டோபர் 21ஐ நாச்சோஸ் நாள் என்று இரண்டு கரையிலும் கொண்டாடுகிறார்கள். அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 15ல், 2019ஆம் ஆண்டு, கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்து காட்டியது.

நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பவர்கள் அவருடைய முறையிலேயே செய்து பார்க்கலாம். கடை வறுவல் பாக்கெட்டைவிட, சோள டோர்ட்டியாவை நான்காக வெட்டி, காற்றில் சற்று உலர்த்திப் பொரித்தால் நல்லது. ஈரம் போனால்தான் எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுப்பாகும். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். பாக்கெட்டில் துருவி விற்கிற சீஸில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அது சரியாக உருகாது. கட்டியாக வாங்கி அப்போதே துருவிக்கொள்வது உத்தமம். ஒவ்வொரு துண்டின் விளிம்பும் தெரியும்படி சீஸ் வைத்து, நன்றாகச் சூடேறிய அடுப்பில் சீஸ் குமிழிடத் தொடங்கும்வரை வைத்தால் போதும். மிளகாயைப் பிழிந்து கடைசியில் வைக்க வேண்டும், முன்னாலேயே வைத்தால் அதன் தண்ணீர் வறுவலை நமுத்துப்போகச் செய்துவிடும். எட்டுப் பேர் வந்திருந்தால் ஒரே பெரிய குவியலாகக் கொண்டுவராமல் இரண்டு சிறு தட்டுகளாக, முதலாவது காலியாகும் நேரம் பார்த்து இரண்டாவதை அடுப்பிலிருந்து எடுத்துக் கொண்டுவரலாம். அந்த மாலையில் அனாயாவும் இரண்டாவது தட்டுக்கு உள்ளே போக வேண்டியிருந்தது.